சாய்ந்த எழுத்தும் இரண்டாவது கியரும்

“புது லுக். புது எனர்ஜி. இனி நம்ம ஸ்கூல் வேற லெவல். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அறிமுகம். அனைவரும் வருக. காபி உண்டு.”

எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற ஜூன் மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்த செய்தி இது. குறிப்பேட்டில் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். அதன் கீழே வியாழக்கிழமைத் தேதியிட்டு ஒரு வரி: “காபி வந்தது. அரை டம்ளர்.”

அந்தக் குறிப்பேடு கார் ஓட்டக் கற்பதற்காகத் தொடங்கியதல்ல. அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருத்தத் தாள் வராத காலைகளில் கண் சும்மா இருப்பதில்லை. மயிலாப்பூரில் எந்தக் கடையின் பெயர்ப்பலகை எந்த நாளில் மாறியது, பழைய எழுத்து எப்படி இருந்தது, புதியது எப்படி இருக்கிறது என்று குறித்து வைப்பேன். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் பயன்பட்டதாகவும் தெரியவில்லை. அதன் கடைசி நாற்பது பக்கங்களைப் புரட்டினால் ஒரே காய்ச்சல் ஊர் முழுக்கப் பரவியிருப்பது தெரியும். தடித்த எழுத்து. முனைகளில் எந்த அலங்காரமும் இல்லாத எழுத்து. வலது பக்கமாகச் சாய்ந்த எழுத்து. முதலில் கூரியர்காரர்கள் சாய்ந்தார்கள். நியாயம்தான், அவர்கள் ஓட வேண்டியவர்கள். அடுத்து உடற்பயிற்சிக் கூடம். அதற்கப்புறம் தோசை மாவு, பல் செட் கட்டுமிடம். ஒரு சந்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வெளியூர் உறவினர்கள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கும் பெட்டி. அதன் பக்கவாட்டிலும் இதே எழுத்து, பின்னால் மூன்று வேகக் கோடுகளோடு. அதில் படுத்திருப்பவருக்கு என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் பள்ளி லஸ் முனையிலிருந்து உள்ளே போகும் தெருவொன்றில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நடத்துபவர்கள் அக்காவும் தம்பியும். பல தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே இருக்கும் குடும்பம். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். தம்பி அக்காவை ஆபா என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு, அவரைவிடப் பதினைந்து வயது பெரியவர்களான நாங்களும் ஆபா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். விளம்பரம், விண்ணப்பம், அலுவலக அலைச்சல் எல்லாம் தம்பி. காரின் இடது இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது ஆபா.

ஆபாவின் முறை தனி. முதல் மூன்று வகுப்பில் இன்ஜினைப் போட விடமாட்டார். நிற்கிற காரில் உட்காரப் பழக வேண்டும். சீட்டை நகர்த்து, கண்ணாடியைத் திருப்பு, எந்தக் கால் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல். நான்காவது வகுப்பில்தான் சாவி. முதல் கியரில் ஒரு வாரம், இரண்டாவதில் இரண்டு வாரம். மூன்றாவது கியர் எங்களுக்குள் ஒரு வதந்தியாகவே உலவியது.

காலை எட்டு மணி பேட்சில் இருந்த எட்டுப் பேரும் வேறு பள்ளிகளில் திட்டு வாங்கி வந்தவர்கள், அல்லது திட்டு வாங்குவோம் என்று பயந்து நேராக இங்கே வந்தவர்கள். சாந்தோமில் பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் பதினோரு மாதமாகக் கற்றுக்கொண்டிருந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமி, கிளட்ச்சை மிதிக்குமுன் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றுவார். ஆண் நான் ஒருவன்தான். என் மனைவி இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வது என் வேலையாக இருந்தது. ஒருநாள் தி.நகர் சிக்னலில், “அடுத்த யோசனையை நீங்களே ஓட்டிக்கிட்டுச் சொல்லுங்க” என்றார். அதனால் சேர்ந்தேன்.

ஆபா தானும் பயந்து பயந்து கற்றவர். வேறொரு பள்ளியில், கியர் மாற்றித் தப்பாகப் போட்டால் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டுவார்களாம். “பயந்தவங்களுக்குன்னு இந்த ஊர்ல ஒரு வண்டி ஓடணும் சார்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். “எட்டு மணி பேட்ச் போச்சுன்னா எனக்கு இந்த ஸ்கூலே வேணாம்.”

பழைய காரில் இரு பக்கமும் நீல நிறத்தில் கொஞ்சம் பருத்த, நேராக நிற்கும் எழுத்துகள் இருந்தன. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிறவர்கள்போல வரிசையாக நிற்கும். அதைப் பார்த்தால் மாநகரப் பேருந்து ஓட்டுநருக்கே ஹாரன் அடிக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தின் நிழலில்தான் நாங்கள் எட்டுப் பேரும் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அறிமுகத்துக்கு ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வடிவமைப்பாளர் வந்தார். போக்குவரத்துச் சின்னங்கள் தொங்கும் சுவரில் படம் காட்டினார்.

“இப்ப இருக்கிற எழுத்து என்ன பண்ணுது? நிக்குது” என்றார்.

“எழுத்து நிக்காம வேற என்ன பண்ணும்?” என்றார் ஆபா.

“மூவ் ஆகணும் மேடம். டிரைவிங் ஸ்கூல் இல்லையா? இது பன்னிரண்டு டிகிரி முன்னாடி சாயுது பாருங்க. இதுல ஒரு ஆட்டிட்யூட் இருக்கு.”

“எங்க ஸ்டூடண்ட்ஸுக்கு ஆட்டிட்யூட் இல்ல தம்பி. பி.பி. இருக்கு.”

ஆபாவின் தம்பி குறுக்கிட்டார். “ஆபா, நந்தனத்துல காலேஜ் பசங்க எத்தினி பேரு கீறாங்க. ஒருத்தனாவது நம்மகிட்ட வர்றானா? இந்த எழுத்தைப் பாத்தா வருவான்.”

வடிவமைப்பாளர் அடுத்த படத்தைப் போட்டார். பெயருக்குக் கீழே, இன்னும் தடித்த எழுத்தில் ஒரே சொல்: கிளம்பு!

மாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “யாரைப் பாத்துக் கிளம்புன்னு சொல்றேள்?”

“யூத்தை டார்கெட் பண்றோம் ஆன்ட்டி.”

“யூத்தா? இங்க உக்காந்துண்டு இருக்கறதுலயே சின்னவளுக்கு நாப்பத்தாறு.”

எழுத்தைப் பற்றி என் கருத்தையும் கேட்டார்கள். நேர்மையாகவே சொன்னேன். நேராக வரைந்த எழுத்தைக் கணினியில் பிடித்துத் தள்ளியதில் ‘ட’ வழுக்கிய படிக்கட்டாகியிருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் டயரில் தெறித்த ஜல்லிபோலச் சிதறி நின்றன. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் கண்ணைப் பிடிக்கிற, கச்சிதமான எழுத்துதான். ஓட்டப்பந்தயக்காரனின் சட்டைக்குப் பிரமாதமாகப் பொருந்தும். “தேங்க்ஸ் அங்கிள்” என்றார் வடிவமைப்பாளர். பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை கார் புது உடுப்பில் வந்தது. வெள்ளைக் காரில் இரு பக்கமும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர், பின்கண்ணாடியில் அந்த ஒற்றைச் சொல். ஆபா எப்போதும் இருவரைச் சேர்த்து ஏற்றுவார். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அன்று டீச்சர் ஓட்ட, நான் பின்னால். கிரீன்வேஸ் சாலை சிக்னலில் ஒரு பைக் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, ரேஸா?”

டீச்சர் எதிரே இருந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது.

“எழுத்து மட்டும்தான் மச்சி பறக்குது” என்றார் பைக்கின் பின்னால் இருந்தவர். “வண்டி தூங்கிக்கினு கீது.”

பின்னாலிருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். “யம்மா, நீயே எழுதி வச்சிக்கினு கீறியே. கிளம்பு.”

பதினோரு மாதத்தில் டீச்சரிடம் சாலையில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்று அடையாறுவரை போகவேண்டியவர் பாலத்துக்கு முன்பே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, திரும்பி வரும்போது ஆபாவை ஓட்டச் சொன்னார்.

மற்ற நாட்களும் அப்படியே போயின. அதே கார், அதே வேகம், அதே நாங்கள். பழைய எழுத்தின் கீழே மன்னிக்கப்பட்ட தயக்கம் புதிய எழுத்தின் கீழே ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. குழுவில் விடுப்புச் செய்திகள் வர ஆரம்பித்தன. மாமிக்கு முழங்கால் வலி. அடுத்த வாரம் இன்னொருவருக்கு முழங்கால் வலி. ஜூலை முடியுமுன் ஐந்து பேருக்கு முழங்கால் போயிருந்தது. மிஞ்சியது டீச்சர், நான், அடையாறிலிருந்து வரும் அதிகம் பேசாத ஒரு அம்மாள். மூன்று பேர்.

தம்பி சொன்னதும் பொய்க்கவில்லை. நந்தனத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். ஆபா அவர்களையும் நிற்கிற காரில் உட்கார வைத்தார்.

“ஆபா, வண்டி ரிப்பேரா?” என்று கேட்டார் ஒருவர்.

“வண்டி ரெடி. நீதான் இன்னும் ரெடி இல்ல.”

“தேர்ட் கியர் எப்ப?”

“மழைக்காலம் வரட்டும்.”

இரண்டாவது வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது அவர்களில் ஒருவர், “இது டிரைவிங் ஸ்கூலா, தியான மண்டபமா மச்சி?” என்று கேட்டது மேலே எங்களுக்கும் கேட்டது. மூன்றாவது வகுப்புக்கு நால்வருமே வரவில்லை. பயந்தவர்களை விரட்டிவிட்டு, துணிந்தவர்களைக் கூப்பிட்டுச் சலிப்பூட்டியிருந்தோம்.

ஜூலை கடைசி நாள் அக்காவும் தம்பியும் எங்கள் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். கே.கே. நகர் பக்கம் பெரிய பள்ளி ஒன்று இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கே எட்டு மணி பேட்ச் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆபா உட்கார்ந்து சாலை விதிகள் வகுப்பு எடுக்கலாம். ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமைக்குள் எட்டு மணி பேட்சில் ஆறு பேர் இருந்தால் பள்ளி இப்படியே நடக்கும், இல்லாவிட்டால் சேர்ந்துவிட வேண்டியதுதான் என்றார் தம்பி. ஆபா சரி என்று மட்டும் சொன்னார். அன்று வகுப்பில் அவர் பிரேக்கை வழக்கத்தைவிட அதிகமாக மிதித்தார்.

ஆகஸ்ட் முதல் புதன்கிழமை. அடையாறு காந்தி நகரில் ஒரு மரத்தடியில், சாலையின் இடது ஓரமாகக் கார் நின்றிருந்தது. டீச்சர் ஸ்டியரிங்கில் கை வைத்துத் தயாராகிக்கொண்டிருந்தார். எதிர்க் குடியிருப்பிலிருந்து அல்ல, நாங்கள் நின்ற பக்கத்துக் குடியிருப்பிலிருந்து காவலாளி எழுந்து வந்தார். காரின் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார்.

“வரட்டும், வரட்டும், வரட்டும். லெஃப்ட் ஒடிச்சிக்கோ. வரட்டும்.”

இந்த ஊரில் எந்தத் தெருவில் கார் பின்னால் வந்தாலும் யாராவது ஒருவர் தானாகவே வந்து இந்தச் சேவையைச் செய்வார். சம்பளமில்லை, அறிமுகம் தேவையில்லை. அவர் டிக்கியை இரண்டு முறை தட்டி, “போதும் போதும்” என்றார்.

டீச்சர் வெளிறிப்போய் ஆபாவைப் பார்த்தார். “ஆபா, ரிவர்ஸ் போட்டுட்டேனா?”

“நீங்க இன்னும் சாவியே போடல டீச்சர்.”

நான் இறங்கிப்போய் அவரிடம் கேட்டேன். “வண்டி நின்னுக்கிட்டுதானே இருக்கு?”

அவர் காரின் பக்கவாட்டைக் காட்டினார். “தெரில சார். பின்னாடி வர்ற மாதிரியே இருந்துச்சு.”

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். உண்மை. தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது. காரின் வலப் பக்கத்தில் நின்றால் வண்டியின் முகம் நமக்கு வலது கைப்பக்கம் இருக்கிறது, எழுத்தும் அங்கேயே சாய்கிறது, கார் பாய்கிறது. இடப் பக்கத்தில் நின்றால் முகம் இடது கைப்பக்கம், எழுத்து மட்டும் டிக்கியைப் பார்த்துச் சாய்கிறது. நடைபாதை, பஸ் நிறுத்தம், டீக்கடை எல்லாம் நம் ஊரில் காரின் இடப் பக்கம். ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் எங்கள் பள்ளி ஒன்றரை மாதமாக முழு எனர்ஜியோடு பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடைகளின் பலகைகளை இத்தனை வருடம் குறித்து வைத்த எனக்கும் அது தோன்றவில்லை. கடைகள் நகர்வதில்லை.

தகவல் போனதும் வடிவமைப்பாளர் வந்து நடைபாதையில் நின்று வெகுநேரம் பார்த்தார். “ஸ்கிரீன்ல ஒரு பக்கம்தான் தெரியும் அங்கிள்” என்றார். பரிகாரமும் அவரிடமே இருந்தது. இடப் பக்கத்துக்கு மட்டும் எழுத்தை எதிர்த் திசையில் சாய்த்துவிடலாம். இரண்டு நாளில் ஒரு தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்தார். முன்னால் பாய வேண்டிய எழுத்துகள் முதுகைச் சீட்டில் அழுத்திக்கொண்டு பின்னால் சாய்ந்திருந்தன. ஆபா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“இது நான்தான். ஸ்டூடண்ட் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இப்படித்தான் சாய்வேன்” என்றார். “ஆனா இதை வண்டில ஒட்ட வேணாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வகுப்பு முடிந்ததும் ஆபா பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தார். ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒயர் இழுத்து, காரின் இடப் பக்க ஸ்டிக்கரைச் சூடாக்கி, நகத்தால் ஓரத்தைத் தூக்கி உரிக்க ஆரம்பித்தார். டீச்சரும் நானும் உதவிக்குப் போனோம். ஒவ்வொரு எழுத்தாக நீட்டமாக வந்தது. அடியிலிருந்த பழைய நீலமும் சேர்ந்தே உரிந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் வெறும் வெள்ளையானது. பின்கண்ணாடிக்குப் போய், அந்த ஒற்றைச் சொல்லையும் சுரண்டினார். அதற்கு மட்டும் எங்களைக் கிட்டே விடவில்லை.

வடிவமைப்பாளருக்கு நான்தான் போன் செய்தேன். “இதே எழுத்து, சாயாமல் கிடைக்குமா?”

“இருக்கே அங்கிள். அதைத்தானே சாய்ச்சோம். நேரா யாருமே கேக்க மாட்டாங்க” என்றார். பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்து இடப் பக்கம் நேரெழுத்து ஏறியது. அன்றுதான் தம்பி பார்த்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இன்னா ஆபா இது? ஒரு பக்கம் நேரா, ஒரு பக்கம் சாஞ்சு. பாக்குறவன் சிரிப்பான்.”

“சிரிக்கிறவன் ஹாரன் அடிக்க மாட்டான்.”

“பிராண்டுன்னா ஒண்ணா இருக்கணும்.”

“நீயும் நானும் ஒண்ணாவாடா இருக்கோம்? இந்தப் பக்கம் நான் உக்கார்றேன். பிரேக்கு இந்தப் பக்கம். இது நிக்கும். அந்தப் பக்கம் உன் இஷ்டம், எப்படி வேணா ஓடு.”

தம்பி உருதுவில் ஏதோ சொன்னார். ஆபா உருதுவில் பதில் சொன்னார். பிறகு தம்பி மாடிக்குப் போய்விட்டார். வலப் பக்கம் சாய்ந்தபடியே இருந்தது, இன்றும் இருக்கிறது.

சாலை ஒரே நாளில் திருந்தியதாக நான் எழுதமாட்டேன். வலப் பக்கமாக முந்துகிறவர்கள் இன்னும் எங்களைப் பந்தயத்துக்கு அழைக்கிறார்கள். ஆனால் சிக்னலில் இடது ஓரமாக வந்து நிற்கும் பைக்குகள் பேசாமல் நின்றன. ஒருவர் டீச்சரிடம், “பொறுமையா போம்மா” என்றும் சொன்னார். டீச்சர் அதை அன்று மாலையே குழுவில் எழுதினார். மறுநாள் மாமியின் முழங்கால் குணமானது. கூடவே தங்கையையும் அழைத்து வந்தார். “இவளும் பயந்துண்டுதான் இருக்கா ஆபா. ஒரே வண்டியில பயந்துக்கறோமே” என்றார். அதோடு ஐந்து பேர்.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தோம். மீதி நான்கு முழங்கால்களும் தேறவில்லை. என் மனைவியைப் புதிதாகச் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். “ஓட்டத் தெரியாத மாதிரி நடிக்கணுமா? அது உங்களுக்குத்தான் வரும்” என்றார்.

கெடுவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாடிப்படியில் ஒருவர் ஏறி வந்தார். ஜூலையில் வந்துபோன நான்கு மாணவர்களில் ஒருவர். தனியாக வந்திருந்தார்.

“இன்னாப்பா, தியானத்துக்கு வந்தியா?” என்றார் மேசையிலிருந்த தம்பி.

அவர் தம்பியைத் தாண்டி ஆபாவிடம் போனார். “ஆபா, அன்னிக்கு அவனுங்க முன்னாடி சொல்ல முடில. எனக்கு வண்டின்னா பயம். அந்த மூணாவது கிளாஸ் இன்னும் இருக்கா?”

ஆபா எங்களைப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். “எட்டு மணி பேட்ச்ல எழுது. சாவி நாலாவது கிளாஸ்லதான்.”

கே.கே. நகர்ப் பேச்சு அதோடு நின்றது. அந்த மாணவர் யாருடைய வெற்றி என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னும் உடன்பாடில்லை. பாயும் எழுத்துதான் அவரை முதலில் வரவழைத்தது என்கிறார் தம்பி. நிற்கும் எழுத்தைப் பார்த்துத்தான் திரும்பி வந்தார் என்கிறார் ஆபா. அந்த மாணவரிடமே விசாரித்தேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எங்கள் கார் கடந்து போனதாகவும், அப்போதுதான் திரும்ப வரத் தோன்றியதாகவும் சொன்னார். கார் போன பக்கத்து நிறுத்தம் என்றால் அவர் பார்த்தது நேரெழுத்து. எதிர்ப் பக்கத்து நிறுத்தம் என்றால் சாய்ந்த எழுத்து. எந்த நிறுத்தம் என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். ஞாபகமில்லை என்கிறார். ஆகவே இந்த ஒரு விஷயம் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.